ஆசியாவுக்கு முன்னால் ஏற்காடு

ஆசியாவைத் தரைவழியாகக் கடப்பதற்கு முன்னால் ஏற்காட்டில் நாலு நாள் வண்டியிலேயே குடியிருந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் ஏற்பாடு. "நாலு நாள் ஒரு வேனுக்குள்ள சண்டை போடாம இருக்க முடியலைன்னா நாலு மாசம் எப்படி இருப்போம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கல்யாணமான நாளிலிருந்து ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் அந்த வீட்டில் மூன்று அறைகளும், கோபம் வந்தால் ஏறிப் போய் நிற்க ஒரு மொட்டைமாடியும் உண்டு.

அவர் பெயர் சண்முகம். சேலத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். எங்கள் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கும் கைகளில் பாதிக் கைகள் அவர் தட்டித் திருத்தியவை. என் கையும் அதில் சேர்த்தி. நான் அவரிடம் கற்றுக்கொண்டு, பிறகு பெண்களுக்குச் சொல்லித்தர நானே பக்கத்து சீட்டில் உட்கார ஆரம்பித்தேன். வயதாகிறது என்று ஸ்கூலைத் தம்பி மகனிடம் ஒப்படைத்த கையோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய வேனை வாங்கி வந்தார். சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர் டேங்க் பொருத்தினார். மஞ்சளுக்கு மேல் வெள்ளை அடித்தாகிவிட்டது. இருந்தாலும் கதவைத் திறந்தால் ஓரத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

நேபாளம், திபெத், அதற்கப்புறம் வாயில் நுழையாத பெயருள்ள ஊர்கள், கடைசியில் துருக்கி. இஸ்தான்புல்லில் ஆசியாக் கரை முடிகிற இடத்தில் நின்று ஒரு டீ குடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் இதைக் கேட்டுவிட்டு, "பிளேன்ல போயி அந்த டீயக் குடிச்சிட்டு வாங்களேன்ப்பா" என்றாள். ஒரு டிரைவரிடம் பேசுகிற பேச்சா அது?

பொங்கல் முடிந்த வாரத்தில் மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் வண்டி ஓட்டுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். கியர் மாறுவது காதில்தான் விழும், உடம்பில் தெரியாது. இந்த மலைப்பாதையை அவர் ஒருநாளும் என் கையில் கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. ஏதோ ஒரு வளைவில் இடது பக்கமாக ஒரு ஸ்கூட்டர் வந்து உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனது. அதில் இருந்த பையன் திரும்பிப் பார்த்து என்னவோ கத்தினான்.

"எங்கிருந்துதான் வர்றானுங்களோ" என்றார் அவர். "இப்பெல்லாம் ரோட்ல எல்லாரும் திடீர்னு முளைக்கறாங்க கோமதி."

ஒரு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஓட்டுகிற லட்சணம் எனக்குத் தெரியாதா?

மேலே போய்ச் சேர்ந்ததும் வெயில் இருந்தது, குளிரும் இருந்தது. சேலத்தில் இந்த நேரத்துக்கு ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக் கடைகள் வரிசையாகப் புகைந்தன. எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றாலும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சூடான பஜ்ஜியை ஊதி ஊதித் தின்பதற்கு அது ஈடாகாது. இரண்டாவது தட்டும் வாங்கினோம்.

பஜ்ஜிக் கடைகளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய கடையில் மோமோ விற்றார்கள். சமைத்துக்கொண்டிருந்தவர் ஒரு கையில் கரண்டியும் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனுமாக உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். புரியாத பாஷை. ஆனால் மனைவியிடம் பேசுகிறார் என்று மட்டும் புரிந்தது. எந்த பாஷையிலும் அந்தக் குரல் ஒன்றுதான்.

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார், "தம்பிக்கு எந்த ஊரு?"

"நேபாளமுங்க. பிரேம்னு பேரு" என்றார், சுத்தமான சேலத்து 'ங்க' போட்டு. மனைவியிடம் கேட்டது என்னவென்றும் அவரே சொன்னார்: "ரோடு தொறந்துருச்சா, பஸ் வருதா, மலை திரும்ப எறங்குச்சான்னு கேட்டேனுங்க."

"மலை எறங்குமா?"

"எங்கூர்ல மழை பேஞ்சா மலைதானுங்க ரோட்டுக்கு எறங்கி வரும்."

அவர் ஊர் திபெத் எல்லைக்குப் போகிற பாதையிலேயே இருக்கிறதாம். நாங்கள் போக நினைத்திருக்கும் அதே பாதை. என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. பிரேம் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து, வேனைச் சுற்றி வந்து, குனிந்து அடியிலும் பார்த்தார். "மழைக்கு முன்னாடி போயிருங்க சார். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மலை. முன்னாடி மட்டும் பார்த்தாப் பத்தாது. பக்கத்துலயும் பார்த்துக்கிட்டே ஓட்டணும். கல்லு சொல்லிட்டு வராதுங்க."

"முப்பது வருசமா அதத்தானே பசங்களுக்குச் சொல்லித் தர்றேன்" என்று சிரித்தார் இவர்.

சாயங்காலம் வேனுக்குள் கட்டில்மேல் மேப்பை விரித்தோம். பென்சிலும் கையுமாக அவர் ஒருநாள் ஓட்டத்தை ஒரு கோடாகப் போட்டுக்கொண்டே போனார். நேபாளம் வரைக்கும் கவலை இல்லை, நம் ஊரைப் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். எல்லை தாண்டிவிட்டால் எல்லா வண்டியும் வலது பக்கம் போகும். நம் வேனிலோ ஸ்டியரிங் வலப்புறம். முன்னால் ஒரு லாரி போனால் அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இடது சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"அங்க நீதான் என் கண்ணு" என்றார். அதற்கும் பயிற்சி வைத்தார். அவர் "லாரி" என்பார். நான் எதிரே பார்ப்பதாகப் பாவித்து "பொறுங்க" என்றோ "போங்க" என்றோ சொல்ல வேண்டும். அவசரப்பட்டு இரண்டு தடவை "போங்க" சொல்லி எங்கள் இருவரையும் கொன்றேன்.

நடுவில் காப்பி போட்டு அவருடைய இடது கைப்பக்கம் வைத்தேன். அடுத்த நிமிடம் அவர் முழங்கை பட்டு டம்ளர் சாய்ந்து, கஜகஸ்தான் பூராவும் காப்பி.

"பார்க்க மாட்டீங்களா?"

"நீ எப்ப வெச்சே?" என்றார் அவர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு படுத்தேன். "இதுக்கே ரெண்டா? திபெத்துல என்ன பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு, சற்று நேரத்தில் அதில் ஒன்றை அவர் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சேர்வராயன் கோயில். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டோம். வண்டிச் சாவியைச் சாமியின் காலடியில் வைத்து எடுத்துத் தரச் சொல்லிப் பூசாரியிடம் கொடுத்தார். நல்ல தரிசனம். அங்கிருந்து நாகலூர் பக்கம் போய்க் காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் எங்காவது நிறுத்திச் சமைக்கலாம் என்று கிளம்பினோம்.

பழம் பறிக்கிற காலம். தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி ஏறியிருந்தது, அடியில் காப்பிச் செடிகள் சிவப்புச் சிவப்பாகக் காய்த்துக் கிடந்தன. ரோடு ஒடுக்கமானது. ஒரு திருப்பத்தைத் தாண்டியதுமே, தூரத்தில் இடது ஓரமாக ஒரு அம்மாள் தலையில் சாக்கு மூட்டையோடு நடந்து போவது எனக்குத் தெரிந்தது. பச்சைச் சேலை, வெள்ளைச் சாக்கு. வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. வண்டி நெருங்கியது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. வலது பக்கம் ஒதுக்கவும் இல்லை. ஒதுக்குவார், இதோ ஒதுக்குவார் என்று இருந்தேன். ரோட்டில் ஆள் போகிறது என்று சண்முகத்துக்கு யார் சொல்லித்தருவது? கடைசியில் என்னை மீறி "ஏனுங்க!" என்று கத்தினேன்.

இடது கண்ணாடி சாக்கில் பட்டது. அந்த அம்மாள் மூட்டையை விட்டுவிட்டு மண் மேட்டில் சாய்ந்தார். சாக்கு கிழிந்து, காப்பிப் பழங்கள் கொட்டி, சரிவில் எங்களை முந்திக்கொண்டு உருண்டு போயின.

நான் இறங்கி ஓடினேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நடுங்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, கோபத்தைக் கண்டெடுத்தார்.

"ஏனுங்க, பட்டப் பகல்லயே கண்ணு தெரியலீங்களா? ரோட்டுல நா ஒருத்திதான் போயிக்கிட்டிருந்தேன். எம் மேல வந்து ஏத்தோணுமா?"

என் வீட்டுக்காரர் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "அம்மா, சத்தியமாச் சொல்றேனுங்க. ரோட்ல ஆருமே இல்லீங்க."

"இல்லீங்களா? அப்ப நா ஆரு?"

பொய் சொல்கிற மனிதர் இல்லை என் வீட்டுக்காரர். ஆனால் அந்தப் பச்சைச் சேலை எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்ததே.

அந்த அம்மாளின் பெயர் ராமாயி. அறுபத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் சின்னத் தோட்டம், தானே பறித்துத் தானே சுமந்து போகிற ஆள். அவர் முழங்கையைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, மூன்று பேருமாகக் குனிந்து பழம் பொறுக்கினோம். அடுத்த திருப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு எஸ்டேட் பெண்கள், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், கேட்காமலே வந்து சேர்ந்துகொண்டார்கள். திறந்திருந்த வேன் கதவு வழியாகப் பார்த்து அவர்களுக்குள் என்னவோ பேசிச் சிரித்தார்கள். இளவயதில் லாரியில் வடக்கே போய் வந்ததால் என் வீட்டுக்காரருக்கு இந்தி காதில் ஏறும். தலை நிமிராமல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "'வண்டிக்குள்ள ஊடே இருக்குது பாரு'ங்கறா ஒருத்தி. 'ஊடு இருந்துமா இப்புடிச் சுத்தறாங்க'ங்கறா இன்னொருத்தி."

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

சாக்கை வேனில் ஏற்றி ராமாயி வீட்டுக்கே கொண்டுபோய் இறக்கினோம். மெதுவாக, நடக்கிற வேகத்தில் ஓட்டினார். அவர் ஓட்டும்போது நான் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன், பயிற்சிக்கு வந்த புதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. வீட்டு முன்னால் பழம் காய்கிற களம். ராமாயியின் கோபம் அதற்குள் ஆறியிருந்தது. "எங்கியோ காட்டுல நிறுத்தறதுக்கு எங்கூட்டுக் களத்துலயே நிறுத்திக்கங்க. ராத்திரியில காட்டெருமை வரும். நொம்பப் பெருசு" என்றார்.

மத்தியானம் சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் அவர் வீட்டில். என் புது அடுப்பைப் பற்றவைக்க விடவே இல்லை. இரண்டாம் முறை சோறு போட்டபோதும் என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பிடுகையில் தட்டைப் பார்க்காமல் அடிக்கடி வாசலில் நின்ற வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். ராமாயி இடது பக்கமாக வந்து குழம்பு ஊற்றக் குனிந்தபோது திடுக்கிட்டுத் திரும்பினார். அதை நான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் கரடியூர் போவதாக இருந்தது. "வண்டி நிக்கட்டுமுங்க. பஸ்ல போலாம். ஊர்க்காரங்க மாதிரிப் போயிப் பார்க்கலாமே" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்றார். பஸ்ஸில் ஒரு பலாக்காய்க்கும் ஒரு கோழிக்கூடைக்கும் நடுவில் இடம் கிடைத்தது. கண்டக்டர், "கோழி டிக்கெட் ஆரு எடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார், யாரும் எடுக்கவில்லை. டவுனில் இறங்கி, ஆரஞ்சு நாலு வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்துக் கரடியூர் போனோம்.

காட்சிமுனையில் அந்த நேரத்துக்குக் கூட்டம் இல்லை. கீழே சமவெளி வெயிலில் பரந்து கிடந்தது, பனிமூட்டம் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்தோம். ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தேன். சாப்பிட்டு முடித்தபிறகு சொன்னேன்.

"நேரா அந்த மொட்டை மரத்தையே பாருங்க. தலையத் திருப்பக் கூடாது. ஆரஞ்சு கண்ணுல பட்டதும் சொல்லுங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மரத்தைப் பார்த்தார்.

வலது பக்கம் பின்னாலிருந்து பழத்தை மெதுவாகக் கொண்டுவந்தேன். காதைத் தாண்டியதுமே "வந்துருச்சு" என்றார்.

இடது பக்கம் போய் நின்றேன். காதைத் தாண்டினேன். கன்னத்துக்கு நேராக வந்தேன். கண்ணுக்கு நேராகவே வந்துவிட்டேன். மரத்தைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். காற்றில் அவர் நரைமுடி அசைந்தது. பழத்தை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது.

"என்ன, இன்னும் கொண்டு வரலையா?" என்றார்.

சற்றுப் பொறுத்து அவர் தலையைத் திருப்பினார். மூக்கு இடிக்கிற தூரத்தில் ஆரஞ்சு.

பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, யாரிடமோ கணக்குக் கேட்கிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னார். போன வருடம் கேட்டில் உரசிய இடது கண்ணாடி. தெருமுனையில் காலில் வந்து விழுந்த நாய். முந்தாநாள் ஸ்கூட்டர். கஜகஸ்தான் காப்பி.

"அப்ப அவங்கெல்லாம் குறுக்க வரலையா கோமதி?"

"இல்லீங்க. அங்கியேதான் இருந்திருக்காங்க."

"அந்தம்மா தலையில மூட்டை இருந்துச்சு. அதுல பட்டுது. மூட்டை இல்லாம இருந்திருந்தா?" என்றார். சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே வைத்தார். எத்தனையோ பேருடைய கையில் அவர் சாவி கொடுத்து நான் பார்த்திருக்கிறேன். கொடுக்கும்போது எப்போதும் ஏதாவது ஒரு அதட்டல் கூடவே வரும். அன்று ஒன்றும் வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், "டீய பிளேன்லயே போயிக் குடிச்சிக்கலாம்" என்றார். அவர் கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. களத்துக்கு வந்ததும் கட்டில்மேல் கிடந்த மேப்பைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு அடியில் தள்ளிவிட்டார்.

நாலாம் நாள் காலையில் கிளம்ப வேண்டும். சேலத்திலிருந்து ஒரு டிரைவரை வரச் சொல்லலாம் என்றார். ஸ்கூலில் படித்தவர்கள் எத்தனையோ பேர், ஒரு போன் போட்டால் ஓடி வருவார்கள். "அவங்க வந்தா என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. நா ஓட்டறேன்" என்றேன்.

"மலை எறக்கம் நீ ஓட்டினதே இல்லையே."

"நீங்க குடுத்ததே இல்லையே."

அவர் இடது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். ராமாயி ஒரு பொட்டலம் மிளகோடு வந்தவர், ஸ்டியரிங் முன்னால் என்னைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இன்னிக்கு நீயா ஓட்டறே? அப்ப நா கொஞ்சம் தள்ளியே நின்னுக்கறேன்" என்று களத்தின் ஓரத்துக்கே போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் இறங்கி அவரிடம் போனார். "எனக்கு இந்தப் பக்கம் பார்வை இல்லீங்கம்மா. நேத்துத்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு நீங்க போனது நெசமாலுமே தெரியலைங்க."

ராமாயி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "நானுங்கூட ரெண்டு நாளா உங்கள மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டிருந்தேன். போங்க, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பிடி மிளகை அள்ளி வந்து போட்டார்.

டவுன் வரைக்கும் பிழையில்லை. இறக்கம் ஆரம்பித்ததும் வண்டியின் கனம் தெரிந்தது. பின்னால் கட்டில், டேங்க், பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து முதுகைப் பிடித்துத் தள்ளுவது போல இருந்தது. கார் வேறு, இது வேறு.

"ரெண்டாவது கியர். பிரேக்க மிதிச்சிக்கிட்டே இருக்காதே, விடு. இஞ்சின் புடிக்கட்டும்."

"விட்டா ஓடுதுங்க."

"ஓடட்டும். வளைவுக்கு முன்னாடி அடக்கு. வளைவுக்குள்ள போயி அடக்காதே."

முதல் சில வளைவுகளில் அவர் குரல் நடுங்கியது, நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. எங்கேயோ பிரேக் லைனிங் கருகுகிற வாசனை வந்து, ஓரமாக நிறுத்தி, சக்கரம் ஆறும்வரை குரங்குகளுக்குக் காட்சிப்பொருளாக உட்கார்ந்திருந்தோம். மீண்டும் கிளம்பி, பாதி மலை இறங்கியபோது ஒரு வளைவில் கீழிருந்து பஸ் வந்துவிட்டது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். நான் ஓரம் கட்டி நின்றேன். பஸ் எங்களை உரசாமல் மெதுவாக ஏறி, டிரைவர் ஜன்னல் எனக்கு நேராக வந்ததும் நின்றது.

"சார்! நீங்களா?" என்றார் பஸ் டிரைவர். எங்கள் ஸ்கூலில் கற்றவர்தான். இவருக்கு முன்னால் உட்காரவே கூச்சப்பட்டவர். "ஏனுங்க சார், அம்மாவ ஓட்டவிட்டுட்டு நீங்க அந்தப் பக்கம்?"

சும்மா பழக்குகிறேன் என்று அவர் சொல்லிவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

"எனக்குக் கண்ணு சரியில்லப்பா. இனிமே அவங்கதான் ஓட்டுவாங்க" என்றார் அவர்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பஸ் டிரைவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நான் முதல் கியரைப் போட்டேன். அதற்கப்புறம் அடிவாரம் வரும்வரை அவர் குரல் நடுங்கவில்லை. என்னைத் திட்டக்கூடச் செய்தார்.

சேலத்தில் கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி இருந்த கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது கண்ணுக்கு நெடுநேரம் பொத்தான் சத்தமே கேட்கவில்லை; வலது கண்ணுக்கும் மூக்குப் பக்கத்துப் புள்ளிகளுக்குக் கேட்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்திருக்கிறது. வலியும் இருக்காது, ஓரம் போவது தெரியவும் தெரியாது என்றார் டாக்டரம்மா. போனது திரும்பாது. இருப்பதை, வலது கண்ணையும் சேர்த்து, சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

"வண்டி?" என்று கேட்டார் இவர்.

"ஓட்டக் கூடாது. போகலாம்" என்றார் டாக்டரம்மா. "அடிக்கடி தலையை நல்லா இடது பக்கம் திருப்பிப் பார்க்கப் பழகிக்குங்க."

ஒரு மாதம் மேப் கட்டிலடியிலேயே கிடந்தது. காலையும் மாலையும் நான் மருந்து விடுவேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். தம்பி மகன் ஸ்கூலுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் யார் எந்த கியரில் போகிறார்கள் என்று மட்டும் முனகுவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. மேப்பை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தேன். காப்பிக் கறை காய்ந்து பழுப்பாகியிருந்தது.

அந்தக் கறையின் ஓரத்தில் விரலை வைத்து, "லாரி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"நா ஸ்டியரிங்ல இருக்கறேன். முன்னாடி லாரி போகுது. எனக்கு எதிர்ல தெரியலை. இடது சீட்டுல நீங்க இருக்கீங்க. நேராப் பார்க்கறதுக்கு உங்களுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லைன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. எதிர்ல காலியா, இல்லையா?"

அவர் காப்பிக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் வீண் என்று விரலை எடுக்கப் போனேன்.

"பொறு" என்றார். "ஒரு பஸ் வருது."

காத்திருந்தேன்.

"ம். இப்பப் போ."

அன்று சாயங்காலமே பென்சிலைத் தேடினார். ஒரே ஆள் ஓட்டுவதென்றால் பழைய கணக்கு உதவாது என்று கோடுகளை எல்லாம் அழித்து, ஒருநாள் ஓட்டத்தைப் பாதியாக்கினார். நாலு மாதம் எட்டு மாதமாக நீண்டது. ஏரிக்கரைப் பிரேமுக்குப் போன் போட்டு, இந்த வருட மழைக்கு முன்னால் முடியாது, அடுத்த வருடம் பங்குனியில் வருகிறோம் என்று சொன்னார். மகளிடம் நானே சொன்னேன். அவள் வெகுநேரம் அழுதுவிட்டு, அம்மா மலையில் நன்றாக ஓட்டுகிறாளா என்று அப்பாவிடம் கேட்டாள். "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சொல்.

இப்போது வாரம் ஒருமுறை எனக்கு மலைப் பயிற்சி. கோடை மழை இரண்டு பெய்த மறுவாரம் மீண்டும் ஏற்காடு ஏறினோம். ராமாயியைப் பார்த்துவிட்டு, நாகலூர் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். தோட்டமெல்லாம் காப்பி பூத்துக் கிடந்தது. சரிவு முழுக்க வெள்ளை, மல்லிகைக்கு அக்கா தங்கை மாதிரி ஒரு வாசம். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் டாக்டரம்மா சொன்னபடி தலையை முழுதாக இடது பக்கம் திருப்பி, ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார்.

"எத்தனை தடவை இந்த ரோட்ல வந்திருப்பேன்" என்றார். "ரோட்ட மட்டுந்தான் பார்த்திருக்கறேன் கோமதி. இந்தப் பள்ளத்துக்குள்ள ஒரு ஓடை இருக்குது பாரு. நிறுத்து, நிறுத்து."

ஏற்கெனவே ஒரு பலாமரத்துக்கும், ஒரு மைல்கல்லுக்கும், சும்மா நின்றிருந்த ஒரு கன்றுக்குட்டிக்கும் நிறுத்தியாகிவிட்டது. இந்தக் கணக்கில் போனால் எட்டு மாதமும் போதாது. ஆசியா முடிவதற்குள் எங்களுக்கு எத்தனை வயதாகும் என்று தெரியவில்லை.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். யாரும் வரவில்லை. ஓரம் கட்டி நிறுத்தினேன்.